குடைக்குப் பின்னால் ஒரு நகரம்

பிராகில் வழிகாட்டி சொல்லும் கதைகளில் நடந்தது எது, கட்டிவிட்டது எது?

காலை மணி பத்தடிக்க இன்னும் ஐந்து நிமிடம். செக் குடியரசின் தலைநகரான பிராகில், பழைய நகரச் சதுக்கத்தின் டவுன்ஹால் கோபுரத்தின் கீழே சில நூறு பேர் அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறார்கள். கைக்கு ஒரு செல்போன் உயர்ந்திருக்கிறது. கூட்டத்துக்கு நடுவே அங்கங்கே மஞ்சள், சிவப்பு, பச்சை என விரித்த குடைகள். மழை இல்லை, வெயிலும் அப்படியொன்றும் இல்லை. குடைகள் அடையாளத்துக்காக. ஒவ்வொரு குடையின் கீழும் ஒரு வழிகாட்டி. அவரைச் சுற்றி 20, 30 பேர்.

பத்து அடிக்கிறது. கடிகாரத்தின் ஓரத்தில் நிற்கும் எலும்புக்கூடு பொம்மை கயிற்றை இழுத்து மணி அடிக்கிறது. பக்கத்தில் இருக்கும் துருக்கியர் பொம்மை 'நான் வரமாட்டேன்' என்பதுபோலத் தலையை ஆட்டுகிறது. மேலே இரண்டு சின்ன ஜன்னல்கள் திறக்க, இயேசுவின் சீடர்கள் ஒருவர் பின் ஒருவராக எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். கடைசியில் பொன்னிறச் சேவல் ஒன்று தொண்டை கட்டிய குரலில் கூவுகிறது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முடிந்துவிட்டது. 'இதற்கா இவ்வளவு நேரம் நின்றோம்?' என்று பல முகங்களில் எழுதி ஒட்டியிருக்கிறது.

அந்த ஏமாற்றத்தைப் போக்கத்தான் வழிகாட்டி இருக்கிறார். "இதைச் செய்தவர் மாஸ்டர் ஹனுஷ்" என்று ஆரம்பிக்கிறார். இதுபோல் இன்னொன்றை வேறு ஊருக்குச் செய்து கொடுத்துவிடக் கூடாது என்று நினைத்த நகரசபைக்காரர்கள் ஒரு ராத்திரி அவர் வீட்டுக்கு ஆள் அனுப்பினார்களாம். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் அவர் கண்களைக் குருடாக்கினார்களாம். சாகும் தறுவாயில் ஹனுஷ் தட்டுத் தடுமாறிக் கோபுரத்தில் ஏறி இயந்திரத்துக்குள் கையை விட்டாராம். நின்றுபோன கடிகாரத்தை ரொம்ப காலத்துக்கு யாராலும் ஓட்ட முடியவில்லையாம். கூட்டம் 'உச்' கொட்டுகிறது. குடை நகர்கிறது. கூட்டமும் பின்னாலேயே போகிறது.

அப்படி எதுவும் நடக்கவில்லை. 1410ல் இந்தக் கடிகாரத்தைச் செய்தவர் கடான் என்ற ஊரைச் சேர்ந்த மிகுலாஷ் என்ற கடிகாரத் தொழிலாளி. அவருக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் யான் ஷிண்டெல், பிராக் பல்கலைக்கழகத்தின் வானியல் அறிஞர். ஹனுஷ் என்பவர் நிஜமாகவே இருந்தார். ஆனால் அவர் கிட்டத்தட்ட 80 ஆண்டுகள் கழித்து இந்தக் கடிகாரத்தில் வேலை செய்தவர். அவர் கண்ணை யாரும் பறித்ததாகச் சான்று இல்லை. அலோய்ஸ் யிராசெக் என்ற எழுத்தாளர் 1894ல் வெளியிட்ட பழங்கதைத் தொகுப்பின் மூலம் கதை செக் வீடுகள்தோறும் போய்ச் சேர்ந்தது. தாஜ்மகாலைக் கட்டியவர்களின் கைகளை ஷாஜகான் வெட்டினான் என்று கேட்டு வளர்ந்த இந்தியர்களுக்கு இது புதிதல்ல. அதற்கும் ஆதாரம் கிடையாது.

வேடிக்கை என்னவென்றால் நிஜக் கடிகாரம் கதையைவிடச் சுவாரஸ்யமானது. இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் வானியல் கடிகாரங்களில் மிகப் பழையதாக அது கருதப்படுகிறது. சூரிய அஸ்தமனத்திலிருந்து எண்ணும் பழைய போஹீமிய நேரத்தை அது காட்டுகிறது. நாம் இன்று பின்பற்றும் முறையிலான நேரத்தையும், நட்சத்திர நேரத்தையும் காட்டுகிறது. பகல் பொழுதை, அது நீண்டதோ குறுகியதோ, 12 சம பாகங்களாகப் பிரித்து எண்ணும் நேரத்தையும் காட்டுகிறது. உதயம் முதல் அஸ்தமனம் வரையுள்ள பொழுதை எட்டாக வகுத்து ராகு காலம் பார்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு சட்டென்று பிடிபடும். சூரியன் எந்த ராசியில் இருக்கிறது, சந்திரன் வளர்பிறையா தேய்பிறையா என்பதும் அதில் உண்டு. மொத்தத்தில் அது சுவரில் மாட்டிய பஞ்சாங்கம். ஆனால் அதை விளக்கப் பத்து நிமிடம் வேண்டும். கண்ணைப் பறித்த கதைக்கு இரண்டு நிமிடம் போதும்.

அந்த இரண்டு நிமிடத்தில் வழிகாட்டியின் பிழைப்பும் அடங்கியிருக்கிறது. ஐரோப்பாவின் பழைய நகரங்களில் கடந்த 20 ஆண்டுகளில் பரவிய 'இலவச' நடைச் சுற்றுலாக்களுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு, இரண்டரை மணி நேரம் நடந்து முடித்தபின் விருப்பப்பட்டதைக் கொடுக்கலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பல இடங்களில் வழிகாட்டிக்குச் சம்பளம் கிடையாது. வந்த ஆட்களை எண்ணி, தலைக்கு இவ்வளவு என்று அவர்தான் நிறுவனத்துக்குக் கட்ட வேண்டும். 30 பேருடன் கிளம்பி, வழியில் பத்துப் பேர் கழன்றுகொண்டால் நஷ்டம் அவர் தலையில். எனவே ஒவ்வொரு முச்சந்தியிலும் ஒரு சிரிப்போ ஒரு திகிலோ தேவைப்படுகிறது. மன்னர்களுக்கும் ஆண்டுகளுக்கும் இடையே உள்ள நுணுக்கங்களை நிதானமாகச் சொன்னால் கூட்டம் பீர் கடைப் பக்கம் ஒதுங்கிவிடும்.

எல்லா வழிகாட்டிகளும் கதை விடுகிறவர்கள் அல்ல. வரலாறு படித்தவர்கள், ஊரின் ஒவ்வொரு கல்லையும் அறிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் ஹனுஷ் கதையையும் சொல்வார்கள், மிகுலாஷின் பெயரையும் சொல்வார்கள். குறை வழிகாட்டியிடம் மட்டும் இல்லை. எதைக் கேட்டால் கை தட்டுகிறோம், எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே ஊரின் கதை அமைகிறது.

வேறு ஊராக இருந்தால் 'போகட்டும், பொழுதுபோக்குதானே' என்று விட்டுவிடலாம். பிராகில் அப்படி விட முடியாது என்பதற்குக் கடிகாரத்தின் காலடியிலேயே சாட்சி இருக்கிறது. டவுன்ஹாலின் ஒரு பக்கத்தில் நடைபாதைக் கற்களில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. பாதிப் பேர் கவனிக்காமல் அவற்றின் மேல் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். 1620 நவம்பர் 8ஆம் தேதி வெள்ளை மலைப் போரில் செக் கிளர்ச்சியாளர்கள் ஹாப்ஸ்பர்க் பேரரசரிடம் தோற்றார்கள். மறு ஆண்டு ஜூன் 21ஆம் தேதி, கிளர்ச்சித் தலைவர்கள் 27 பேருக்கு இந்தச் சதுக்கத்தில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. மூன்று பிரபுக்கள், ஏழு வீரப் பட்டம் பெற்றவர்கள், 17 நகரவாசிகள்.

அவர்களில் ஒருவர் யான் யெசெனியுஸ். மருத்துவர், பல்கலைக்கழகத்தின் ரெக்டர். 1600ல் இதே நகரில் ஒரு சடலத்தைப் பலர் முன்னிலையில் அறுத்துக் காட்டி உடற்கூறு விளக்கியவர். கிளர்ச்சிக்காரர்களுக்காகப் பேசியவர் என்பதால் முதலில் அவர் நாக்கை அறுத்தார்கள். பிறகுதான் தலையை வெட்டினார்கள். அவருடையது உட்பட 12 தலைகள் சார்லஸ் பாலத்தின் கோபுரத்தில் பத்து ஆண்டுகள் தொங்கின. கண்ணைப் பறித்த கதை கற்பனை. நாக்கை அறுத்தது நடந்தது. கடிகாரத்துக்கும் சிலுவைகளுக்கும் இடையே சில அடி தூரம்தான்.

சதுக்கத்தின் மையத்தில் இரண்டு நினைவுச் சின்னங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன. ஒன்று மதச் சீர்திருத்தவாதி யான் ஹுஸின் பிரமாண்டமான சிலை. கத்தோலிக்கத் திருச்சபையை விமர்சித்ததற்காக 1415 ஜூலை 6ஆம் தேதி கான்ஸ்டன்ஸ் நகரில் உயிரோடு எரிக்கப்பட்டவர் அவர். 500 ஆண்டுகள் கழித்து 1915ல் சிலை எழுந்தது. மற்றொன்று மரியன்னையின் தூண். அதன் கதையில்தான், ஊர் வரலாற்றைத் தப்பாகச் சொன்னால் என்ன ஆகும் என்ற பாடம் இருக்கிறது.

தூண் எழுப்பப்பட்டது 1650ல். 1648ல் ஸ்வீடன் படைகள் நகரை முற்றுகையிட்டபோது ஊர் தப்பித்ததற்கு நன்றியாக. ஆனால் காலப்போக்கில், வெள்ளை மலையில் செக்குகளைத் தோற்கடித்ததைக் கொண்டாட ஹாப்ஸ்பர்க் அரசர்கள் வைத்த தூண் அது என்று ஒரு நம்பிக்கை வேரூன்றிவிட்டது. 1918 அக்டோபர் 28ஆம் தேதி செக்கஸ்லோவாகியா சுதந்திரம் அறிவித்தது. ஒரு வாரம்கூட ஆகவில்லை. நவம்பர் 3ஆம் தேதி ஒரு கூட்டம் வந்து கயிறு கட்டித் தூணைச் சாய்த்தது. முற்றுகையைத் தாங்கிய ஊர் மக்களின் நன்றிச் சின்னம், அவர்களுடைய அவமானச் சின்னமாக நினைக்கப்பட்டு உடைந்தது. 100 ஆண்டுகளுக்கு மேல் அந்த இடம் காலியாக இருந்தது. நீண்ட சண்டைக்குப் பிறகு 2020 ஜூனில் தூணின் பிரதி அதே இடத்தில் நிறுத்தப்பட்டது. வரவேற்றவர்களும் உண்டு, கண்டித்தவர்களும் உண்டு. அவசரத்தில் இருக்கும் குடைகள் இந்தத் தூணை ஒரே வரியில் கடந்துவிடுகின்றன.

சதுக்கத்திலிருந்து வடக்கே போகும் பாரீஷ்ஸ்கா தெருவில் உலகின் விலை உயர்ந்த கைப்பைகளும் கைக்கடிகாரங்களும் கண்ணாடிக்குப் பின்னால் மின்னுகின்றன. இதுதான் யோசெஃபோவ், யூதர்களின் பழைய குடியிருப்பு. சுகாதாரத்தைக் காரணம் காட்டி 1893ல் சட்டம் போட்டு, பிறகு இதன் சந்துபொந்துகளைத் தரைமட்டமாக்கினார்கள். பாரிஸ் போன்ற அகலமான தெருக்கள் வந்தன. எஞ்சியவை சில தொழுகைக் கூடங்களும் ஒரு டவுன்ஹாலும் ஓர் இடுகாடும். இடுகாட்டில் சுமார் 12,000 கற்கள், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தபடி நிற்கின்றன. இடம் போதாமல் பிணங்களை அடுக்கடுக்காகப் புதைத்தார்கள். கடைசி அடக்கம் 1787ல்.

இங்கே வழிகாட்டியின் பையிலிருந்து வெளியே வருவது 'கோலெம்'. ரபி லோவ் என்ற மதகுரு ஆற்றங்கரைக் களிமண்ணில் ஒரு மனிதனைச் செய்து உயிர் கொடுத்தாராம். அது யூதர்களைக் காத்ததாம். பிறகு கட்டுக்கு அடங்காமல் போனதாம். இப்போதும் பழைய-புதிய தொழுகைக் கூடத்தின் பரணில் கிடக்கிறதாம். கடைகளில் கோலெம் பொம்மை, கோலெம் காந்தம் எல்லாம் கிடைக்கும். ரபி லோவ் 1609ல் காலமானவர், பெரிய சிந்தனையாளர். களிமண் மனிதனின் கதை அவர் தலையில் ஏற்றப்பட்டது 19ஆம் நூற்றாண்டில். இன்று பரவலாகச் சொல்லப்படும் வடிவத்தை யூட்ல் ரோசன்பெர்க் என்பவர் 1909ல் வெளியிட்டார்.

கோலெம் கதை பிறந்ததற்குக் காரணம் இருக்கிறது. தங்களைக் காக்க யாருமில்லாத ஒரு சமூகம், காவலன் ஒருவனைக் களிமண்ணிலாவது செய்துகொள்ள ஆசைப்பட்டது. கதைக்குள் இருக்கும் அந்தப் பயம் நிஜம். அந்தப் பயம் எங்கே போய் முடிந்தது என்பதை அறிய இடுகாட்டை ஒட்டிய பின்காஸ் தொழுகைக் கூடத்துக்குள் போக வேண்டும். அதற்குத் தனி டிக்கெட். எனவே பெரும்பாலான குடைகள் வாசலோடு நின்றுவிடுகின்றன.

உள்ளே சிலைகள் இல்லை, படங்கள் இல்லை. சுவர்கள் முழுக்கச் சின்னச் சின்ன எழுத்துகள். நாஜிகள் கொன்ற போஹீமிய, மொராவிய யூதர்களின் பெயர்கள். கிட்டத்தட்ட 78,000. குடும்பப் பெயர், சொந்தப் பெயர், பிறந்த தேதி, உயிரோடு இருந்ததாகக் கடைசியாகத் தெரிந்த தேதி. இறந்த தேதி பலருக்குத் தெரியாது. ஊர் ஊராக, அகரவரிசையில். தூரத்திலிருந்து பார்த்தால் சுவரில் ஏதோ கோலம் போட்டதுபோல் தெரியும். கிட்டே போனால்தான் அது ஒவ்வொன்றும் ஓர் ஆள்.

இந்தப் பெயர்களை 1950களில் இரண்டு ஓவியர்கள் கையாலேயே எழுதினார்கள். 1968ல் நிலத்தடி நீர் சுவர்களில் ஏறியது என்று கூடம் மூடப்பட்டது. பழுதுபார்க்கிறோம் என்ற பெயரில் 20 ஆண்டுகளுக்கு மேல் அது மூடியே கிடந்தது. எழுத்துகள் சுவரோடு போயின. கம்யூனிஸ்ட் ஆட்சி 1989ல் முடிந்த பிறகுதான் வேலை மீண்டும் தொடங்கியது. 1992 முதல் 1996 வரை ஒவ்வொரு பெயரையும் மறுபடி எழுதினார்கள். 2002 ஆகஸ்ட் வெள்ளத்தில் சுவரின் கீழ்ப்பகுதி கெட்டது. மூன்றாவது முறையாக எழுதினார்கள்.

மாடியில் குழந்தைகள் வரைந்த படங்கள். பிராகுக்கு வடக்கே சுமார் 60 கி.மீ. தொலைவிலுள்ள தெரெசின் முகாமில் அடைக்கப்பட்ட குழந்தைகளுக்கு ஓவியம் கற்றுக் கொடுத்தவர் ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற ஓவியர். 1944ல் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்படும் முன் சுமார் 4,500 படங்களை இரண்டு பெட்டிகளில் அவர் மறைத்து வைத்தார். அவர் திரும்பி வரவில்லை. வரைந்த குழந்தைகளில் பெரும்பாலோரும் திரும்பவில்லை. பெட்டிகள் தப்பின. வீடுகள், பட்டாம்பூச்சிகள், சாப்பாட்டு மேஜைகள். இந்த மாடியிலிருந்து இறங்கி வருபவர்கள் கோலெம் காந்தத்துக்குப் பேரம் பேசுவதில்லை.

பாரீஷ்ஸ்கா தெருவின் வடகோடியில் நின்று ஆற்றுக்கு அப்பால் லெட்னா குன்றைப் பார்த்தால், தாளக்கட்டைபோல் அசையும் ராட்சத ஊசி ஒன்று தெரியும். 1991ல் வைத்தது. அதற்கு முன் அங்கே இருந்தவர் ஸ்டாலின். சுமார் 15 மீட்டர் உயரக் கருங்கல் ஸ்டாலின், அவருக்குப் பின்னால் வரிசையாகத் தொழிலாளர்களும் சிப்பாய்களும். 'கறிக்கடை வரிசை' என்று ஊர்க்காரர்கள் கிண்டலடித்தார்கள். 1955 மே தினத்தன்று திறக்கப்பட்டது. அதைச் செதுக்கிய ஓடகர் ஷ்வெட்ஸ் திறப்பு விழாவுக்கு முன்பே தற்கொலை செய்துகொண்டார். ஏழே ஆண்டுகளில் மாஸ்கோவில் காற்று மாறியது. 1962 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஆட்சிக்கு ஆட்சி தூண்களையும் சிலைகளையும் நட்டுப் பிடுங்கிய ஊரில் 'கதைதானே' என்பது அவ்வளவு லேசான வார்த்தையல்ல.

பின்காஸிலிருந்து மேற்கே கொஞ்ச தூரம் நடந்தால் ஆற்றங்கரையில் யான் பாலாக் சதுக்கம். எதிரே சார்லஸ் பல்கலைக்கழகத்தின் தத்துவப் பிரிவுக் கட்டடம். அதன் சுவரில் ஓர் இளைஞனின் முகத்தை வார்த்த பலகை. 1968 ஆகஸ்டில் சோவியத் தலைமையிலான படைகள் நாட்டுக்குள் நுழைந்தன. எதிர்ப்பு மெல்ல மெல்ல அடங்கி, எல்லோரும் பழகிக்கொள்ளத் தொடங்கினார்கள். அதைப் பொறுக்க முடியாமல் இங்கே படித்த மாணவர் பாலாக் 1969 ஜனவரி 16ஆம் தேதி வென்செஸ்லாஸ் சதுக்கத்தில் தன்மேல் தீ வைத்துக்கொண்டார். மூன்று நாள் கழித்து இறந்தார். வயது 20. இந்தச் சதுக்கத்துக்கு அவர் பெயர் நிலைத்தது கம்யூனிஸ்ட் ஆட்சி போன பிறகுதான். அதுவரை இது செஞ்சேனை வீரர்களின் பெயரைச் சுமந்தது.

பாலாக் படித்த இந்தப் பல்கலைக்கழகத்தில் அந்தக் காலத்தில் தமிழும் கற்பிக்கப்பட்டது. கற்பித்தவர் கமில் சுவலபில். 1927 நவம்பர் 17ஆம் தேதி பிராகில் பிறந்தவர். சங்க இலக்கியம் முதல் தமிழ்நாட்டுப் பேச்சு வழக்குகள்வரை ஆராய்ந்தவர். 1968 படையெடுப்புக்குப் பிறகு அவரும் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. பின்னர் நெதர்லாந்தில் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். தமிழ் இலக்கியத்தைப் பற்றி அவர் எழுதிய 'முருகனின் புன்னகை' என்ற ஆங்கில நூல் 1973ல் வெளிவந்தது பிராகில் அல்ல, ஹாலந்தின் லெய்டனில். 2009ல் பிரான்சில் காலமானார். அவருடைய 62ஆவது பிறந்தநாளன்று, 1989 நவம்பர் 17ல், பிராக் மாணவர்கள் ஊர்வலம் போய் அடி வாங்கினார்கள். ஆறே வாரத்தில் ஆட்சி சரிந்து வாட்ஸ்லாவ் ஹாவெல் ஜனாதிபதியானார். தமிழர்கள் இந்தக் கட்டடத்தைத் தாண்டிப் போகும்போது குடை அவர்களுக்கு இதைச் சொல்லப்போவதில்லை. அது வழிகாட்டியின் தப்பல்ல. சில விஷயங்களைப் பயணிதான் ஊரிலிருந்தே கொண்டுபோக வேண்டும்.

நடை சார்லஸ் பாலத்தில் முடிகிறது. சுமார் அரை கி.மீ. நீளம், 16 வளைவுகள், இரு பக்கமும் 30 சிலைகள். சிலைகள் பலவும் பிரதிகள்; மூலங்கள் மழையிலும் புகையிலும் கரையாமல் காட்சிக்கூடங்களுக்குப் போய்விட்டன. 1357ல் நான்காம் சார்லஸ் அடிக்கல் நாட்டினார். சுண்ணாம்பு கெட்டியாக இருக்க ஊர் ஊராக முட்டை கேட்டார்களாம். வெல்வாரி ஊர்க்காரர்கள் வழியில் உடையாமல் இருக்கட்டும் என்று வேகவைத்து அனுப்பினார்களாம். இந்தக் கதையால் யாருக்கும் நஷ்டமில்லை. சிரித்துவிட்டு நகரலாம்.

கூட்டம் மொய்ப்பது நெபோமுக் புனிதர் சிலையின் அடியில். 1393ல் இங்கிருந்துதான் அவரை ஆற்றில் தள்ளினார்கள். அரசி பாவமன்னிப்பின்போது சொன்ன ரகசியத்தைக் கேட்ட அரசனிடம் அவர் வாய் திறக்க மறுத்தார் என்பது கதை. பீடத்திலுள்ள வெண்கலப் பலகையைத் தொட்டால் நல்லது நடக்கும் என்று லட்சக்கணக்கான கைகள் தேய்த்துத் தேய்த்துச் சில இடங்கள் தங்கம்போல் பளபளக்கின்றன. வரலாற்றாசிரியர்கள் சொல்வது வேறு. க்ளாட்ருபி மடத்துக்குத் தலைவரை நியமிப்பது யார் என்று அரசனுக்கும் ஆர்ச்பிஷப்புக்கும் தகராறு. ஆர்ச்பிஷப்பின் அதிகாரியாக இருந்த நெபோமுக் நடுவில் மாட்டிக்கொண்டார். அரசியின் ரகசியத்தைவிட இது பழகிய கதை. பெரிய இடத்துச் சண்டையில் சித்திரவதைப்பட்டுச் செத்தவர் கீழே இருந்த அதிகாரி.

பாலத்திலிருந்து திரும்பும் வழியெங்கும் சர்க்கரை புரட்டிய சுருள் ரொட்டி மணக்கிறது. 'பழைய போஹீமிய மரபு' என்று பலகை. நிஜத்தில் த்ரெடெல்னிக் என்ற இந்தப் பண்டம் பிராக் தெருக்களில் பரவியது சுற்றுலாக்காரர்கள் குவியத் தொடங்கிய பிறகு. அதன் புகழ்பெற்ற ஊர் ஸ்லோவாகியாவின் ஸ்கலிட்சா. கட்டுக்கதை இங்கே தின்னவும் கிடைக்கிறது.

இந்தப் பழைய ஊரில் இப்போது வசிப்பவர்கள் யார்? 1992ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது பிராகின் வரலாற்று மையம். 2019ல் மட்டும் சுமார் 80 லட்சம் பேர் பிராக் வந்து தங்கினார்கள். நகரின் மக்கள்தொகையே சுமார் 14 லட்சம்தான். பழைய நகரம் அடங்கிய முதல் வட்டாரத்தில் வசிப்பவர்கள் சுமார் 30,000 பேர். மளிகைக் கடை இருந்த இடத்தில் நினைவுப்பொருள் கடை. குடும்பம் இருந்த வீட்டில் ஒரு ராத்திரி வாடகைக்காரர்கள். குடித்துவிட்டுக் கூட்டமாகக் கடைக்குக் கடை கூச்சலிட்டுப் போகும் இரவு நேர 'மதுக்கடைச் சுற்றுலா'க்களை 2024ல் நகராட்சி தடை செய்தது. பகல் நேரக் குடைகளுக்குத் தடை இல்லை. ஆனால் ஒரு ஊரில் ஊர்க்காரர்கள் குறையக் குறைய, 'அது அப்படி நடக்கவில்லை' என்று குறுக்கே பேசுவதற்கு ஆள் குறைந்துபோகும். கதை சொல்பவர்களும் கேட்பவர்களும் மட்டுமே மிஞ்சுவார்கள்.

அதனால் குடையைத் தவிர்க்க வேண்டியதில்லை. புது ஊரில் ஒருவர் கூடவே நடந்து வழி காட்டுவது போல் நல்லது வேறில்லை. மூன்று தலைமுறை வரலாற்றை இரண்டரை மணி நேரத்தில் கால் வலியோடு கற்றுக்கொள்ளலாம். செய்ய வேண்டியது ஒன்றுதான். கதை முடிந்ததும் 'இது நடந்ததா?' என்று ஒரு கேள்வி. நல்ல வழிகாட்டிக்கு அந்தக் கேள்வி பிடிக்கும். அவர் படித்ததையெல்லாம் சொல்ல வாய்ப்புக் கிடைக்காமல்தான் முட்டைக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறார். விட்டுப்போன இடத்துக்கு மறுநாள் டிக்கெட் வாங்கிக்கொண்டு தனியே போகலாம்.

பாலத்தின் முனையில் குடை மடங்குகிறது. வழிகாட்டி நன்றி சொல்கிறார். பர்ஸ்கள் திறக்கின்றன. ஆற்றுக்கு மறுகரையில், குன்றின் மேல் பிராக் கோட்டை. அங்கே பறக்கும் செக் ஜனாதிபதியின் கொடியில், ஹுஸின் வழிவந்தவர்களின் பழைய முழக்கம் எழுதப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டு அரசு அலுவலகத்துக்கு ஒருமுறையாவது போயிருப்பவர்களுக்கு அதை மொழிபெயர்த்துச் சொல்லத் தேவையே இல்லை. வாய்மையே வெல்லும்.

பின்னால் சதுக்கத்தில் அடுத்த மணி அடிக்கப்போகிறது. சேவல் கூவியதும் இன்னொரு குடையின் கீழே, ஹனுஷின் கண்ணை மறுபடியும் பறிக்கப்போகிறார்கள்.